சுழியும் பல்லும்

மாட்டுத் தாவணிக்கு மாடு பிடிக்கப் போகிறவர் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். ஒன்று சுழி, மற்றது பல். மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடம் சுழி. கோபுரச் சுழி இருந்தால் வீட்டுக்கு ஓட்டி வரலாம். பாடைச் சுழி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பல் என்பது வயசு. இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று வாயைப் பிளந்து பார்ப்பார். அதோடு நிறுத்தமாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பார். திமிலை அழுத்துவார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை. சுழி நம்பிக்கை, பல் பரிசோதனை. இரண்டும் நம் விவசாயியிடம் சண்டையில்லாமல் சேர்ந்து இருந்திருக்கின்றன. சுழி நன்றாக இருக்கிறது என்பதற்காக அவர் பல்லைப் பார்க்காமல் விட்டதில்லை.

மதுரையில் மாட்டுத்தாவணி இன்று ஒரு பஸ் நிலையத்தின் பெயர். பெயரோடு அந்தப் பழக்கமும் நம்மிடமிருந்து போய்விட்டதோ என்று தோன்றுகிறது. முக்கியமாக, பழைய வீடு வாங்கும் விஷயத்தில்.

பழைய வீடு ஒன்றை வாங்க முடிவு செய்கிற நம்மவர் முதலில் போவது வக்கீலிடம். தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதன் நகல். கையெழுத்துப் போட வேண்டிய அத்தை ஒருத்தி எங்காவது விடுபட்டிருக்கிறாளா என்று வக்கீல் தேடுகிறார். பிறகு ஜோசியர். பிறகு மனையடி பார்க்கிறவர். 6 அடி நன்மை, 7 அடி தரித்திரம், 8 அடி பாக்கியம் என்று அவர் கூடத்தை அளக்கிறார். வீட்டை டேப் வைத்து அளக்கிற ஒரே ஆள் அவர்தான். அவரும் இடைவெளியைத்தான் அளக்கிறார், சுவரை அல்ல. மூவரும் தலையை ஆட்டியதும் அட்வான்ஸ் கொடுத்தாகிவிடுகிறது. கொத்தனாரை அழைப்பது கிரயத்துக்குப் பிறகு, வெள்ளையடிக்க.

பத்திரமும் ஒரு வகையில் சுழிதான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வம்சாவளியை அது சொல்கிறது. நிற்குமா விழுமா என்று சொல்வதில்லை. பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கும் கட்டட விவரத் தாளில் வயசு, பரப்பு, கூரை என்ன வகை என்று எழுதச் சொல்கிறார்கள். அது முத்திரைத் தீர்வைக்காக. விரிசலுக்குக் கட்டம் கிடையாது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு 1965ஆம் வருஷத்துச் சட்டப்படி உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற சான்று வேண்டும். ஒரு நாள் கல்யாணத்துக்கு உட்காருகிற கூரைக்குச் சான்று உண்டு. அந்தத் தம்பதி முப்பது வருஷம் படுத்து எழப்போகிற கூரைக்குக் கிடையாது.

சட்டம் இதைப் பற்றி முற்றிலும் மௌனம் என்றும் சொல்ல முடியாது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55வது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் எந்தக் குறையை? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததை. சாதாரணக் கவனத்துக்கு அகப்படுவதை வாங்குபவரே கண்டுகொள்ள வேண்டும். இந்த 'சாதாரணக் கவனம்' என்ற சொற்கள் என்னை வெகுநாள் தொந்தரவு செய்தன. எதைக் கவனிப்பது நமக்குச் சாதாரணம்? வில்லங்கச் சான்றில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது சாதாரணம். உத்திரத்தின் முனையில் ஒரு குத்தூசியை அழுத்திப் பார்ப்பது?

எனக்கு இந்தக் கேள்வி பழங்காநத்தத்தில் வந்தது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற வழியில், இன்று மாநகராட்சிக்குள் இருக்கிற இடம். ஆனால் பஸ் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பழைய கிராமத்தின் தெருக்கள் இன்னும் கிராமத்தின் அகலத்திலேயே இருக்கின்றன. பெயரின் கடைசியிலேயே நத்தம் இருக்கிறது: ஊர் குடியிருக்கிற நிலம். கிராமங்களில் வயலை ஏக்கர், சென்ட் என்று நுணுக்கமாக அளந்த ரெவின்யூக்காரர்கள், வரி வராத நத்தத்தை மொத்தமாக ஒரு நம்பரில் விட்டுவைத்தார்கள். வீடு வீடாக அளந்து பட்டா கொடுத்தது வெகுகாலம் கழித்து, நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகு. 'சர்வே' என்ற வார்த்தை நம் ஊரில் எப்போதும் நிலத்துக்கு உரியதாகவே இருந்திருக்கிறது. சங்கிலி, கல், வரப்பு. வீட்டை சர்வே செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது தெருக்காரர் ஒருவர், "எல்லைத் தகராறா?" என்று கேட்டார்.

வீடு இரண்டு கட்டு. திண்ணை, நடையில் ஒரு நிலை, முற்றத்தைச் சுற்றி நாலு தேக்குத் தூண், மேலே மச்சு. தாய்ப்பத்திரம் வெள்ளைக்காரன் காலத்து முத்திரைத் தாளில். முன்கட்டில் விற்கிற அம்மா தனியாக இருந்தார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பின்கட்டில் ஒரு குடித்தனம்: ஆட்டோ ஓட்டுகிறவர், சாயங்காலம் வாசலில் இட்லிக் கடை போடுகிற அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். வக்கீல் சரி என்று சொல்லிவிட்டார். என் அக்காவின் திருப்திக்காக ஜோசியரும் சொல்லிவிட்டார். மூன்று மாசக் கெடு வைத்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க அனுமதி கேட்டேன். "எத்தனை தடவ பாப்பீக? நல்லாப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

நான் அழைத்துப்போன இருவரில் ஒருவர் எழுபது தாண்டிய கொத்தனார். மற்றவர் நண்பர் ஒருவரின் மகன், இன்ஜினியர். இளைஞர் ஒரு சுத்தியல் கருவி கொண்டுவந்திருந்தார். கான்கிரீட்டின் மேல் அடித்தால் எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்து உறுதியைக் கணக்கிடுவது. மண்சாந்தில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிய சுவரில் அதற்கு அர்த்தமில்லை என்று சொல்லி அவரே பைக்குள் வைத்துவிட்டார். கொத்தனாரிடம் இருந்தவை தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு குத்தூசி, கரண்டியின் மரப்பிடி. அந்தப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார், டாக்டர் நெஞ்சைத் தட்டுவது போல. கெட்டியான சத்தம் வருகிற இடத்தில் பூச்சு சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொத்தென்று கேட்டால் விட்டுவிட்டது, உள்ளே காற்று. சத்தம் மாறுகிற இடத்தில் கரிக்கட்டியால் கோடு இழுத்தார். அரை மணி நேரத்தில் சுவர் முழுக்கத் தீவுகள்.

விரிசல்களைப் படிப்பதற்கு ஒரு இலக்கணம் இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் நேர்குத்தாக ஓடினால், கட்டும்போதே இரண்டையும் பல் கோத்துக் கட்டவில்லை என்று அர்த்தம். கூரைக்குக் கீழே கிடையாக ஓடினால் கூரை தள்ளுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாக இறங்கினால் அடியில் மண் இறங்குகிறது. ஆனால் எந்த விரிசலும் பார்த்த மாத்திரத்தில் ஒன்றைச் சொல்வதில்லை: அது ஓய்ந்துபோனதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை. அதற்கு இளைஞர் ஒரு வழி செய்தார். மெல்லிய கண்ணாடித் துண்டுகளை மூன்று விரிசல்களின் குறுக்கே, இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினார். மேலே தேதி எழுதினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டும். ஒரு பிரச்சினைக்கு முன்னால் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து காத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. தெருவைத் திரும்பத் திரும்பப் போட்டு உயர்த்தியதில் வாசலில் ஐந்து படிக்கு இரண்டு படிதான் மிச்சம். வீடு இறங்கவில்லை, ஊர் ஏறிவிட்டது. போதாததற்கு, உப்பை மறைக்க யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் விடமுடியாது. ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். பக்கத்திலேயே மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. அது நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். ஊருக்கு அது சந்தோஷம், பழைய சுவருக்கு இன்னொரு மடக்கு ஈரம்.

வெளிச்சுவரை ஒட்டி மூன்றடிக்கு ஒரு குழி தோண்டி அஸ்திவாரத்தையும் பார்த்தோம். முதலில் தார், ஜல்லி, அதற்குக் கீழே செம்மண், பழைய ஓட்டுச் சில்லு, கீழே கறுப்பு மண்ணில் பதித்த கருங்கல். அந்தக் குழியைப் பார்த்து நிற்கையில் எனக்கு வேறொரு குழி ஞாபகம் வந்தது. இதே பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம். கோவலன் வெட்டுண்ட இடம் என்று ஊர் சொல்கிறது. 1980-81ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தி முதுமக்கள் தாழிகளைக் கண்டது. ஊரின் கதைக்கு அது நிரூபணமும் அல்ல, மறுப்பும் அல்ல. கதை இருக்கிற இடத்திலேயே மண்ணையும் அடுக்கடுக்காகப் பார்ப்பது என்பது மட்டும்தான். சுழிக்குப் பக்கத்திலேயே பல்.

இரண்டாவது நாள் காலை பின்கட்டுக்குப் போனோம். உத்திரம் எப்போதும் நடுவில் முறிவதில்லை. பெரும்பாலும் சுவருக்குள் போகிற முனையில்தான் சாகிறது என்றார் கொத்தனார். அங்கே வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, சுவரின் ஈரம் உண்டு. கரையானுக்கு அதைவிட என்ன வேண்டும். ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு முனையாகக் குத்தூசியை அழுத்தினார். வைரம் பாய்ந்த தேக்கில் ஊசி நுனிகூட இறங்கவில்லை. மூன்றாவது உத்திரத்தில் கைப்பிடி வரை போயிற்று. சத்தமே இல்லை. அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது ஒரு டன். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு தடவையும் பழையதை எடுக்காமல் மேலே மேலே போட்ட தளம் நாலு அங்குலம் இருந்தது. பத்துக்குப் பத்து அறைக்கு அது ஏறக்குறைய இரண்டு டன் என்று இளைஞர் கணக்கிட்டார்.

அந்த உத்திரத்தில்தான் சின்னக் குழந்தையின் தூளி கட்டியிருந்தது.

கொத்தனார் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவரை நியமித்தது நான். அவர் முதலில் பேச வேண்டியது என்னிடம்தான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தூளிய அந்தப் பக்கத்து உத்திரத்துல மாத்திக் கட்டும்மா" என்றார். அந்தப் பெண், "ஏன் ஐயா?" என்று கேட்டாள். "கட்டை செத்துப்போச்சு." கதவருகில் விற்கிற அம்மா நின்றிருந்தார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் மெதுவாக, "மழை பேஞ்சா மண்ணு உதிரும். வாடகை கம்மின்னு இருந்துட்டோம்" என்றாள். அந்த அம்மா சொன்னார்: "அவுக இருந்தவரைக்கும் வருசா வருசம் ஏறிப் பாப்பாக. எனக்கு என்ன தெரியும்?"

சட்டத்தின் பாஷையில் அந்த அம்மா குறையை மறைத்தவர் அல்ல. அவருக்குத் தெரியாது. ஆனால் கொஞ்சம் தெரியும். குடித்தனக்காரிக்கும் கொஞ்சம் தெரியும், வாடகை குறைந்திருந்த அளவுக்கு. அவரவர் தெரிந்துகொள்ள வசதிப்பட்ட அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார்கள். 55வது பிரிவில் விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார். உத்திரத்துக்குக் கீழே படுத்திருப்பவர் இல்லை. பத்திரத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்குமால் எழுதுகிறோம். தலைக்கு மேலே உள்ள எல்லை எழுதப்படுவதில்லை.

அன்று சாயங்காலமே தொட்டியைக் காலி செய்து, சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்தாயிற்று. இளைஞர் அறிக்கை எழுதினார். எட்டுப் பக்கம். மாற்ற வேண்டியவை இரண்டு உத்திரம். ஒரு சுவரின் அடியை மூன்றடி நீளமாகப் பிரித்துப் பிரித்துக் கட்ட வேண்டும். சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். மாடியின் கூடுதல் தளத்தை எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் நிற்கும். மூன்று பிரதி எடுத்து ஒன்றை அந்த அம்மாவிடமும் ஒன்றைப் பின்கட்டிலும் கொடுத்தேன். என் உறவினர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. காசு கொடுத்து எழுதி வாங்கியது நீ, பேரம் பேசுவதற்கு உன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது, அதைத் தெருவுக்குக் கொடுப்பார்களா என்றார். அவர் சொன்னதில் வியாபார நியாயம் உண்டு. ஆனால் அந்த எட்டுப் பக்கத்தில் இருந்தது என் பணத்தைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல. ஒரு டாக்டர் ஒருவரின் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்ல முடியுமா?

மழையில் மூன்று கண்ணாடிகளில் ஒன்று உடைந்தது. பின்கட்டுச் சுவர். மற்ற இரண்டும் எழுதிய தேதியோடு அப்படியே இருந்தன. பழுதுச் செலவைக் கழித்து நான் சொன்ன விலை பிள்ளைகளுக்குச் சரிப்படவில்லை. அவர்களுக்கு மனைக்காக வாங்குகிற ஒருவர் கிடைத்தார். இடிக்கப்போகிறவருக்கு எந்த விரிசலும் குறை இல்லை. குடித்தனம் ஜெய்ஹிந்துபுரம் பக்கம் போயிற்று. வீட்டைப் பிரித்தபோது அந்த உத்திரத்தைக் கீழே இறக்கினார்கள்: பன்னிரண்டு அடியில் ஒன்றரை அடி தூள், மீதி பத்தரை அடி கல் மாதிரி. மர வியாபாரி இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, ஒன்றரை அடியை அறுத்துத் தள்ளிவிட்டு மீதியை லாரியில் ஏற்றினார். நாலு தூண்களும் நிலையும் காரைக்குடிக்குப் போயின. அந்த வீட்டின் விற்பனையில் தொடர்புடையவர்களில் தன் காசுக்காகப் பல்லைப் பிடித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. பரிசோதனை வீட்டைக் காப்பாற்றவில்லை. ஒரு வகையில் மனையாக விலைபோக வைத்ததே அதுதான். அப்படியானால் தட்டிப் பார்க்காமலே இருந்திருக்கலாமா? குழந்தை அந்த உத்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தது என்பதே இதற்குப் பதில். வீட்டின் அழகுக்காக உண்மையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்பவர்கள் அந்த அறையில் படுப்பவர்களாக இருப்பதில்லை. பழமையைப் பற்றி நாம் எழுதுகிற பெரும்பாலானவற்றில் இந்தச் சௌகரியம் இருக்கிறது. இலக்கியத்திலும் அதுதான். ஒரு கவிதையின் பரம்பரையை, அது எந்த முகாமிலிருந்து வந்தது என்பதை, யார் முன்னுரை எழுதினார் என்பதைப் பார்க்கிறோம். எல்லாம் பத்திரம், வில்லங்கம், சுழி. வரியைத் தட்டி, எங்கே கெட்டி எங்கே பொத்து என்று கேட்கிறவரைத் துவேஷி என்கிறோம். கொத்தனாருக்கு அந்த வீட்டின் மேல் துவேஷம் இருக்கவில்லை. பத்தரை அடி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தவரும் அவர்தான்.

"வருசா வருசம் ஏறிப் பாப்பாக" என்று அந்த அம்மா சொன்னது எனக்கு வெகுநாள் கழித்தே முழுதாக அர்த்தமாயிற்று. பொங்கலுக்கு முன் வீடு முழுக்க வெள்ளையடிப்பது ஒரு சடங்கு என்று நினைத்திருந்தோம். சுண்ணாம்பில் நீலம் கலந்து, நார் மட்டையால், சுவரின் ஒவ்வொரு சாணையும் ஒரு மனிதக் கை வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டது. எங்கே பூச்சு உதிர்கிறது, எங்கே கரையான் மண் ஏறியிருக்கிறது, போன வருஷ விரிசல் நீண்டிருக்கிறதா என்பது அந்தக் கைக்குத் தெரியாமல் போகாது. ஓட்டு வீடுகளில் மழைக்கு முன் ஓடு பிரித்து மாற்றினார்கள். கைமரம் ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. நம் சர்வே அதுதான். அதற்கு அறிக்கை கிடையாது, கட்டணம் கிடையாது. வாங்குபவர், விற்பவர் என்ற பேச்சும் கிடையாது. குடியிருக்கிறவர் தனக்காகவே செய்துகொண்டது. பல வருஷம் மங்காது என்று உத்தரவாதம் தருகிற பெயிண்ட் வந்தபோது அந்தக் கையும் சுவரை விட்டு விலகிவிட்டது. பெயிண்ட் மங்கவில்லை, உள்ளே நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை.

1877ல் லண்டனில் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். பழையதை இடிக்கிறவர்களைவிட, பழையதைப் புதுப்பிக்கிறேன் என்று சுரண்டி எடுக்கிறவர்கள்மீதுதான் அவருக்கு அதிகக் கோபம். அந்தச் சங்கம் கேட்டது பெரிய திருப்பணியை அல்ல, அன்றாடப் பராமரிப்பை. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து வீட்டைச் சந்தையில் வைக்கிற சொந்தக்காரரே கட்டடத்தின் நிலை பற்றிய அறிக்கையைத் தயாரித்து வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். குறை என்பது வாங்குபவரின் ரகசிய ஆயுதமாக இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிறது. நம் பதிவு அலுவலகத்தில் இது நாளைக்கே வரும் என்ற பிரமை எனக்கு இல்லை. வந்தாலும், ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பாக மாற அதிக நாள் ஆகாது. சொல்ல வருவது, குறை யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒரு சமூகம் தீர்மானிக்க முடியும் என்பதை.

மதுரை இதை யோசிக்கத் தகுந்த ஊர். 1636ல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் நாலில் ஒரு பங்குதான் இன்று மிச்சம் என்கிறார்கள். அந்த மிச்சமும் நிற்பது, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியில் கட்டடக் கலைஞர் சிஷோம் அதைப் பழுதுபார்த்ததால். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தார்கள். அந்த வேலையை நடத்திய சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவரும் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இன்றும் இருக்கிறார்கள். ஒரு சர்வேயருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் தெரு வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் இருவரும் ஞாபகத்தில் நிற்பது இடித்ததற்காக.

அதே பிளாக்பர்னின் ஞாபகார்த்தமாக நிறுத்திய விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், நவபத்கானா தெருவில், 2020 தீபாவளியன்று ஒரு ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள். அவர்கள் அந்தக் கட்டடத்தை விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. எந்தப் பத்திரத்திலும் அவர்கள் தரப்பு அல்ல. ஒரு சுவரின் நிலை அதற்கு அருகில் நிற்கிற எவருடைய விஷயமும் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு வாதம் எனக்குத் தெரியாது.

தெருவுக்குத் தெரு இன்னும் பழைய வீடுகள் இருக்கின்றன. சிலவற்றை விற்கப்போகிறார்கள். பலவற்றை விற்கும் உத்தேசமே இல்லை. அவற்றில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். தேவைப்படுகிற சாமான்கள் அதிகம் இல்லை. ஒரு குத்தூசி, ஒரு தூக்குக்குண்டு, ஜன்னல் கடையில் தூக்கிப் போடுகிற கண்ணாடித் துண்டு கொஞ்சம். உத்திரங்களை முனையில் குத்திப் பாருங்கள், நடுவில் அல்ல. விரிசலின் குறுக்கே கண்ணாடியை ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். உடைந்திருந்தால் வக்கீலிடம் போகலாம், பேரமும் பேசலாம். அதற்கு முன்னால், அந்த அறையில் படுக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்.